கல்வியில் தொழில்நுட்பம் ஏன்? செட்டிநாட்டில் கருத்துக் கேட்கப் போகிறவருக்கு ஒரு பதில்

கேள்வி: காரைக்குடியில் எம்.எட். படிக்கிறேன். ‘கல்வியில் தொழில்நுட்பத்தை ஏன் பயன்படுத்த வேண்டும்’ என்று செட்டிநாட்டுப் பகுதி ஆசிரியர்கள், பெற்றோர்கள், மாணவர்களிடம் கருத்துக் கணிப்பு நடத்தப் போகிறேன். முப்பது வாக்கியங்கள் எழுதி, ஒவ்வொன்றுக்கும் ‘முற்றிலும் ஒத்துக்கொள்கிறேன்’ முதல் ‘முற்றிலும் மறுக்கிறேன்’ வரை ஐந்து கட்டம் வைத்து, கூகுள் ஃபார்மாக வாட்ஸ்அப்பில் அனுப்பலாம் என்றிருக்கிறேன். என்னென்ன காரணங்கள் வரும்? எதில் கவனமாக இருக்க வேண்டும்?

பதில்:

என்ன காரணங்கள் வரும் என்பதை இப்போதே சொல்லிவிடலாம். பாடம் எளிதில் புரியும், பிள்ளைகளுக்கு ஆர்வம் வரும், காலத்துக்கு ஏற்ப மாற வேண்டும், நாளைக்கு வேலை கிடைக்கும், ஆசிரியருக்கு நேரம் மிச்சம். முந்நூறு பேரிடம் கேட்டாலும் இந்த ஐந்தும்தான் சுற்றிச் சுற்றி வரும். இதற்காக நீங்கள் புதுவயலுக்கும் பள்ளத்தூருக்கும் பஸ் ஏற வேண்டியதில்லை.

‘ஏன் பயன்படுத்த வேண்டும்’ என்ற கேள்விக்குள் ‘பயன்படுத்தத்தான் வேண்டும்’ என்ற முடிவு ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது. கேட்கப்படுகிறவர் அதை நன்றாகப் புரிந்துகொண்டு, நீங்கள் எதிர்பார்ப்பதைத் தந்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். வேலையில் சேர்ந்த புதிதில் இதே மாதிரி ஒரு கேள்வித்தாள் தயாரித்து, சுற்றுவட்டாரப் பள்ளிகளில் கொடுத்து வாங்கினேன். கட்டுக் கட்டாகத் திரும்பி வந்தது, எனக்குத் தலைகால் புரியவில்லை. உட்கார்ந்து பிரித்துப் பார்த்தபோதுதான் குட்டு உடைந்தது. ‘கணினி வழிக் கற்றல் மாணவரின் கவனத்தைக் கூட்டுகிறது’ என்று ஆறாவது வாக்கியம். ‘கணினி வழிக் கற்றல் மாணவரின் கவனத்தைச் சிதறடிக்கிறது’ என்று பத்தொன்பதாவது. இரண்டுக்கும் அதே ஆள் ‘முற்றிலும் ஒத்துக்கொள்கிறேன்’ போட்டிருந்தார். ஒருவர் இல்லை, பலர். சிலர் முதல் கட்டத்தில் தொடங்கி ஸ்கேல் வைத்துக் கோடு இழுத்தாற்போல் நேராக டிக் போட்டுக்கொண்டே இறங்கியிருந்தார்கள். தெரிந்த ஆசிரியை ஒருவரிடம் கேட்டேன். “படிக்கிற பிள்ளை வந்து தாளை நீட்டுது. இல்லேன்னு போட்டு எதுக்கு அதோட மனசைக் கெடுக்கிறதுன்னுதான் சார்” என்றார். நம் ஊர் விருந்தோம்பல் கேள்வித்தாள் வரைக்கும் நீளும்.

ஐந்து கட்ட அளவை ரென்சிஸ் லைக்கர்ட் 1932-ல் கொண்டுவந்தார். நல்ல கருவிதான். ஆனால் எதைச் சொன்னாலும் தலையாட்டும் வழக்கம் இருக்கிற இடத்தில், எல்லா வாக்கியங்களையும் ஒரே பக்கம் சாய்த்து எழுதினால் அது மரியாதையைத்தான் அளக்கும். அதற்குமேல் ஒரு சிக்கல் உண்டு. நம்பகத்தன்மைக்குக் கிரான்பேக் ஆல்பா போடச் சொல்வார்கள், வாக்கியங்களுக்கு வந்த பதில்கள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் எண் அது, 0.7-க்கு மேல் வந்தால் மகிழ்ச்சி. எல்லோரும் எல்லாவற்றுக்கும் ஆமாம் போட்டாலும் ஒருவருக்குத் தாராளம், இன்னொருவருக்குச் சற்றுக் கஞ்சம் என்று இருந்தாலே அந்த எண் ஜம்மென்று உயர்ந்து நிற்கும். வழிகாட்டி கைகொடுத்துப் பாராட்டுவார். உள்ளே ஒன்றும் இருக்காது.

சரி, அப்படியானால் என்ன கேட்பது? அதற்கு முன்னால், ‘தொழில்நுட்பம்’ என்றால் நீங்கள் எதைச் சொல்கிறீர்கள் என்பதைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். இந்தச் சொல்லைத் தாளில்தான் எழுதுகிறோம், யாரும் வாயால் சொல்வதில்லை. மாணவருக்கு அது ‘ஹைடெக் லேப்’, அதாவது பள்ளியின் கணினி அறை. பெற்றோருக்கு ‘செல்லு’. அரசுப் பள்ளி ஆசிரியருக்கு, மன்னிக்கவும், ‘எமிஸ்’, பள்ளி விவரங்களை ஏற்றுகிற அரசின் இணையத் தளம். ஒரே வாக்கியத்தைப் படித்துவிட்டு மூன்று பேரும் மூன்று வெவ்வேறு பொருள்களைப் பற்றிக் கருத்துச் சொல்வார்கள். நீங்கள் அதைக் கூட்டிச் சராசரி எடுப்பீர்கள்.

நம் பக்கத்திலேயே நடந்த ஒன்றைச் சொல்கிறேன். செட்டிநாட்டில் பாதி சிவகங்கை மாவட்டம் என்றால் திருமயம், அரிமளம் பக்கமெல்லாம் புதுக்கோட்டை மாவட்டம். அங்கே 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். எழுதப் படிக்கச் சொல்லித்தரும் அந்த இயக்கத்தோடு, பெண்கள் சைக்கிள் ஓட்டப் பழகுவதையும் சேர்த்தார்கள். கற்றுத்தரும் தொண்டர்களில் பெண்கள் அதிகம், வகுப்பு நடக்கும் ஊருக்குப் போய்வர அவர்களுக்கு யாரையும் எதிர்பாராத ஒரு வண்டி வேண்டும். ஆயிரக்கணக்கில் பெண்கள் சைக்கிள் பழகினார்கள். ஊருக்கு ஊர் அது ஓர் அலையாகவே கிளம்பிற்று. தண்ணீர் எடுக்க, விளைந்ததைச் சந்தைக்குக் கொண்டுபோக, பிள்ளையைப் பள்ளியில் விட என்று அந்த வண்டி வகுப்பைத் தாண்டியும் ஓடியது.

‘கல்வியில் தொழில்நுட்பம்’ என்று தலைப்புப் போட்டு அன்றைக்கு ஒரு கருத்துக் கணிப்பு நடத்தியிருந்தால் எத்தனை பேர் ‘சைக்கிள்’ என்று எழுதியிருப்பார்கள்? அந்தக் காலத்துப் புதுமை டெலிவிஷன், டேப் ரெக்கார்டர். பதில் அந்தப் பக்கம் போயிருக்கும். அந்த இடத்தில் தடையாக இருந்தது தூரமும் வீட்டுக் கட்டுப்பாடும். அதை உடைத்தது இரண்டு சக்கரம். ஆக நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி தொழில்நுட்பத்தைப் பற்றியதே அல்ல. ‘உங்கள் வகுப்பில் பிள்ளைகள் எந்த இடத்தில் தட்டுத் தடுமாறுகிறார்கள்?’ இதைக் கேட்டுவிட்டு, அப்புறம் ‘அந்த இடத்தில் எது உதவியது, எது உதவவில்லை?’ என்று போங்கள்.

இனி அந்த ஐந்து காரணங்கள். எல்லாவற்றுக்கும் ஒரே எடை கிடையாது.

‘எளிதாகப் புரியும்’ என்பதை நான் பாதிதான் ஒத்துக்கொள்வேன். இதயம் துடிப்பதையும் கோள்கள் சுற்றுவதையும் கரும்பலகையில் காட்ட முடியாது என்பது உண்மை. ஆனால் புரியவைப்பது படமா, படத்தோடு வருகிற விளக்கமா? இந்த வழக்கு ரொம்ப நாளாக நடக்கிறது. ரிச்சர்ட் கிளார்க் என்ற அமெரிக்கக் கல்வியியலாளர் 1983-ல் ஒரு கட்டுரை எழுதினார். அவர் சொன்ன உவமையை நம் ஊருக்கு மாற்றிச் சொன்னால் இப்படி: ஒட்டன்சத்திரத்திலிருந்து காய்கறி ஏற்றி வருகிற லாரியால் சாப்பிடுகிறவருக்குச் சத்து கூடாது, காய்கறியால்தான் கூடும். கற்பிக்கும் முறைதான் வேலை செய்கிறது, கருவி சுமந்துவருகிறது என்பது அவர் கட்சி. ராபர்ட் கோஸ்மா அடுத்த பத்தாண்டில் இதை மறுத்தார். சில கருவிகள் இல்லாவிட்டால் சில முறைகளே சாத்தியம் இல்லை, இரண்டையும் பிரிக்க முடியாது என்றார். எனக்கு இரண்டு பேரும் வேண்டியவர்கள். உங்கள் ஆய்வில் பின்னணி எழுதும்போது இந்த இருவரையும் எதிரெதிரே நிறுத்துங்கள், அத்தியாயம் உயிரோடு இருக்கும்.

கோஸ்மா பக்கம் சாய வைக்கிற நல்ல சான்று டெல்லியிலிருந்து வந்தது. கார்த்திக் முரளிதரன், அபிஜித் சிங், அலெஹாந்திரோ கனிமியன் மூவரும் மைண்ட்ஸ்பார்க் என்ற மென்பொருளைச் சோதித்து 2019-ல் வெளியிட்டார்கள். பெரும்பாலும் 6 முதல் 9-ஆம் வகுப்பு வரையிலான 619 மாணவர்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதிக்குப் பள்ளி முடிந்தபின் மையத்தில் பயிற்சி. நாலரை மாதத்தில் கணக்கில் 0.37, இந்தியில் 0.23 திட்ட விலக்கம் (மதிப்பெண்கள் எவ்வளவு பரவிக் கிடக்கின்றன என்பதை அளக்கும் அலகு) அளவுக்கு முன்னேற்றம். கல்வி ஆய்வில் இது சாதாரண எண் இல்லை. ஆனால் காரணத்தைப் பாருங்கள். அந்த மென்பொருள் முதலில் பிள்ளை எந்த நிலையில் இருக்கிறது என்று கண்டுபிடித்து, அங்கிருந்து தொடங்கியது. எட்டாம் வகுப்பில் உட்கார்ந்திருக்கிற பிள்ளைக்கு நாலாம் வகுப்பு வகுத்தல் வரவில்லை என்றால் அந்த வகுத்தலிலிருந்துதான் பாடம். நாற்பது பேர் இருக்கும் வகுப்பில், எட்டாம் வகுப்புப் பாடத்தை முடித்தாக வேண்டிய ஆசிரியரால் அது முடிகிற காரியமா?

எதிர்ப் பக்கத்துக்குப் பெரு நாடு. ‘பிள்ளைக்கு ஒரு மடிக்கணினி’ திட்டத்தில் அங்கே கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் மடிக்கணினி கொடுத்தார்கள். 319 பள்ளிகளில் ஆய்வு செய்து 2012-ல் வெளியிட்டார்கள். சுமார் 15 மாதத்துக்குப் பிறகும் கணக்கிலும் மொழியிலும் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. பொருள் போய்ச் சேர்ந்தது, அதை வைத்து என்ன கற்பிப்பது என்பது சேரவில்லை. நம் மாநிலத்திலும் 2011 முதல் மேல்நிலை, கல்லூரி மாணவர்களுக்கு மடிக்கணினி கொடுத்தார்களே, அதைப் பெற்றவர்கள் இன்றைக்கு உங்கள் கணிப்பில் இளம் பெற்றோராகவும் ஆசிரியராகவும் வருவார்கள். அவர்களிடம் ‘பயனுள்ளதா’ என்று கேட்டால் பயனுள்ளது என்பார்கள். ‘அந்த மடிக்கணினியில் முதல் ஒரு மாதம் என்ன செய்தீர்கள், இப்போது அது எங்கே இருக்கிறது’ என்று கேளுங்கள். அப்போது கதை வரும்.

‘கிடைக்காதது கிடைக்கும்’ என்ற காரணம் நான் சொன்ன ஐந்தில் இல்லை, கவனித்தீர்களா? ஆனால் எனக்கு மிகவும் பிடித்த காரணம் அதுதான். கோட்டையூரில் ரோஜா முத்தையா தன் வாழ்நாளெல்லாம் சேர்த்த பழைய நூல்களும் இதழ்களும் ஒரு காலத்தில் அந்த ஊருக்கு வந்தவர்களுக்கு மட்டும்தான். அவர் மறைவுக்குப் பின் சிகாகோ பல்கலைக்கழகம் அவற்றை வாங்கியது, 1994-ல் சென்னையில் அவர் பெயரிலேயே ஆராய்ச்சி நூலகமாக அமைந்தது. முதலில் நுண்படம் எடுத்தார்கள், பிறகு மின்வடிவம். பக்கத்து ஊர்ப் பொக்கிஷத்தைப் பார்க்கச் சென்னைக்குப் போக வேண்டியதாயிற்றே என்று எனக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டுதான், அது வேறு விஷயம். மூலையில் இருக்கிற ஒரு பள்ளிக்கு, அங்கே ஒருநாளும் வந்து சேராத ஒன்றைக் கொண்டுவருவது தொழில்நுட்பம் செய்யக்கூடிய பெரிய வேலை. உங்கள் பதில்களில் இது எத்தனை முறை தானாக வருகிறது என்று எண்ணிப் பாருங்கள்.

‘ஆசிரியரின் நேரம் மிச்சமாகும்’ என்பதை ஆசிரியர் அல்லாதவர்தான் அதிகம் சொல்வார். ஆசிரியரிடம் தனியாகக் கேட்டால், வருகை, மதிப்பெண், நலத்திட்ட விவரம் என்று எமிஸில் ஏற்றுவதற்கே நேரம் போகிறது என்பார். ஆகவே கற்பிக்கும் தொழில்நுட்பம், கணக்குக் காட்டும் தொழில்நுட்பம் இரண்டையும் உங்கள் தாளில் தனித்தனிப் பகுதியாக வையுங்கள். இதைக் கலந்துவிட்டால் ஆசிரியர் தரப்புப் பதில்கள் மொத்தமும் குழம்பிவிடும்.

‘வேலை கிடைக்கும்’, ‘பின்தங்கக் கூடாது’ இரண்டும் பெற்றோரின் பயம். அதைக் குறைத்து எடைபோடாதீர்கள். கடல் தாண்டிக் கொண்டுவிற்கப் போன குடும்பங்களின் ஊர் இது. பையனைப் பர்மாவுக்கு அனுப்பும் முன் எண்சுவடியும் வாய்ப்பாடும் மனப்பாடமாக இருக்க வேண்டும் என்று ஒரு காலத்தில் பார்த்தார்கள். அங்கே வட்டிக்கடையில் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து அடுத்தாள், மேலாள் என்று படிப்படியாக ஏற அதுதான் முதலீடு. இன்றைக்குக் கம்ப்யூட்டர் என்கிறவர்களும் அதே கணக்கைத்தான் போடுகிறார்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. ‘செட்டிநாட்டுப் பெற்றோர்’ என்று தலைப்பில் எழுதியதும் படிக்கிறவர் மனதில் பெரிய வீடும் முகப்புத் தூணும்தான் வரும். அந்த வீடுகளில் பல பூட்டிக் கிடக்கின்றன, பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் படிக்கிறார்கள். உங்கள் மாதிரியில் வரப்போகிறவர்கள் புதுவயல் அரிசி மில்லில் வேலை பார்ப்பவர், ஆத்தங்குடித் தரைக்கல் போடுபவர், கொத்தனார், சித்தாள், பலகாரம் போட்டு விற்பவர். இன்னொரு பக்கம் காரைக்குடி நகரமே கல்வி ஊர். அழகப்பச் செட்டியார் 1947-ல் கல்லூரி தொடங்கி, அவர் கொடுத்த நிலத்திலும் பணத்திலும் 1953-ல் சிக்ரி என்கிற மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் வந்து, 1985-ல் பல்கலைக்கழகமும் ஆன இடம். கல்லூரிச் சாலையைச் சுற்றியே நூறு பேரைப் பிடித்தால், அது செட்டிநாட்டின் கருத்தாக இருக்காது. கல்லல், சாக்கோட்டை ஒன்றியங்களின் உள்ளூர்களுக்கும் திருமயம் பக்கத்துக்கும் போகத்தான் வேண்டும்.

இதனால்தான் கூகுள் ஃபார்ம் மட்டும் வேண்டாம் என்கிறேன். தொழில்நுட்பம் வேண்டுமா என்று, ஏற்கெனவே அதைக் கையில் வைத்திருப்பவரிடம் மட்டும், அதன் வழியாகவே கேட்பது ஆற்றில் நிற்பவரிடம் தண்ணீர் இருக்கிறதா என்று கேட்பது போல. ஆசிரியர்களுக்கு ஃபார்ம் சரி. பெற்றோரிடம் தாளோடு நேரில் போய், நீங்களே படித்துக் காட்டி, நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். ‘வீட்டில் ஸ்மார்ட் போன் இருக்கிறதா’ என்று கேட்டு நிறுத்தாமல், ‘சாயங்காலம் ஆறு மணிக்கு அது யார் கையில் இருக்கும்’ என்றும் கேளுங்கள். 2020-ல் பள்ளிகள் மூடியபோது நான் பார்த்த வீடுகளில் போன் இருந்தது, அது அப்பாவோடு வேலைக்குப் போய்விட்டது. வகுப்பு காலையில், போன் திரும்புவது இரவில். அண்ணனும் தங்கையும் இருந்தால் யாருக்கு முதல் உரிமை என்பதையும் கேட்க வேண்டும். கிராமப்புற 14-18 வயதினரிடம் எடுத்த அசர் (ASER) 2023 என்ற கல்வி நிலை ஆய்வில், ஸ்மார்ட் போனைப் பயன்படுத்தத் தெரிந்த பையன்களில் 43.7 சதவீதம் பேருக்குச் சொந்தமாகப் போன் இருந்தது, பெண்களில் 19.8 சதவீதம் பேருக்குத்தான். உங்கள் மாணவிகளின் பதிலையும் மாணவர்களின் பதிலையும் தனித்தனி அட்டவணையில் போடுங்கள்.

கேள்விகளின் வடிவத்தைப் பற்றிச் சுருக்கமாக. கருத்தைக் கேட்பதைக் குறைத்து, நடந்ததைக் கேளுங்கள். ‘க்யூஆர் கோடு பயனுள்ளது’ என்ற வாக்கியத்துக்குப் பதிலாக, ‘பாடப்புத்தகத்தில் இருக்கிற க்யூஆர் கோடைக் கடைசியாக எப்போது ஸ்கேன் செய்தீர்கள், என்ன வந்தது?’ 2018 முதல் நம் பாடநூல்களில் அது இருக்கிறது, கேட்டுப் பாருங்கள் என்ன பதில் வருகிறதென்று. ‘போன வாரம் ஹைடெக் லேபில் எத்தனை பீரியட்?’ ‘கரண்ட் போனால் என்ன செய்வீர்கள்?’ முப்பது வாக்கியம் அதிகம், பன்னிரண்டு போதும். பாதியை எதிர்ப்பக்கம் எழுதுங்கள். ஒரே வாக்கியத்தில் ‘எளிதாக்குகிறது, ஆர்வத்தையும் தூண்டுகிறது’ என்று இரண்டு விஷயத்தைக் கட்டாதீர்கள், ஒன்றுக்கு ஆமாம், மற்றதுக்கு இல்லை என்பவர் எங்கே டிக் போடுவார்? பத்துப் பேரிடம் கொடுத்துப் பார்த்துத் திருத்திவிட்டு அச்சுக்குக் கொடுங்கள்.

எத்தனை பேர் என்று எல்லோரும் முதலில் கேட்பார்கள். கிரெஜ்சி, மார்கன் இருவரும் 1970-ல் போட்ட அட்டவணைப்படி மக்கள்தொகை எவ்வளவு பெரிதானாலும் 384 போதும். அந்த எண்ணை வேதவாக்காக எடுக்காதீர்கள். குலுக்கிப் போட்டு எடுத்தால்தான் அதற்குப் பொருள். தெரிந்த பள்ளியில் தெரிந்தவரிடம் வாங்கிய 384 தாளைவிட, யாரை ஏன் சேர்த்தேன் என்று ஒளிக்காமல் எழுதிய 120 தாளும், அதில் பதினைந்து பேரிடம் அரை மணி நேரம் உட்கார்ந்து பேசியதும் மேல். தாள்களைத் தலைமையாசிரியர் கையால் வாங்கித்தரச் சொல்லாதீர்கள். அது மேலிடத்துக்குப் போகிறது என்று நினைத்துவிட்டால் ஒருவரும் மனதில் இருப்பதை எழுத மாட்டார்கள். பெயர் கேட்காதீர்கள், உறையில் போட்டு ஒட்டித் தரச் சொல்லுங்கள்.

கடைசிக் கேள்வியாக அரைப் பக்கம் வெற்றிடம் விட்டு இதைக் கேளுங்கள்: ‘உங்கள் வகுப்புக்கு ஒரே ஒரு பொருள் வாங்கித் தருகிறோம் என்றால் எதைக் கேட்பீர்கள், அதை வைத்து அடுத்த திங்கட்கிழமை என்ன செய்வீர்கள்?’ நான் இதைப் பிற்காலத்தில்தான் சேர்த்தேன். புரொஜெக்டர் கேட்டவர்கள் இருந்தார்கள், மின்விசிறி கேட்டவர்கள் இருந்தார்கள். ஈராசிரியர் பள்ளி ஒன்றிலிருந்து ‘இன்னொரு டீச்சர்’ என்று மட்டும் எழுதி வந்தது. எண்ணும்போது இத்தகைய பதில்களைப் ‘பொருந்தாதவை’ என்று ஒதுக்கிவிடத் தோன்றும். ஒதுக்காமல் அட்டவணையில் அதற்கும் ஒரு வரிசை கொடுங்கள்.

அப்புறம், இரண்டு மாவட்டம் என்பதால் சிவகங்கை, புதுக்கோட்டை இரண்டு முதன்மைக் கல்வி அலுவலகங்களுக்கும் தனித்தனியே அனுமதிக் கடிதம் கொடுக்க வேண்டும். இப்போதே கொடுத்துவையுங்கள். மாசி, பங்குனிக்குத் தள்ளிப் போட்டீர்களானால் பொதுத்தேர்வும் முத்துமாரியம்மன் கோயில் பால்குடமும் சேர்ந்து வரும், காரைக்குடியில் உங்களோடு உட்கார்ந்து பேச ஆள் கிடைக்காது.